குடுமியான்மலை இசைக் கல்வெட்டு: சுரம், சுவை, காலம்

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு என்பது புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் உள்ள குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் வெட்டப்பட்டிருக்கும் சுரக் குறிப்புத் தொகுதி ஆகும். எழுத்தமைதியைக் கொண்டு இது கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கப்படுகிறது. ஏழு இராகங்களுக்கு உரிய சுரங்கள் இதில் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பாடல் வரி எதுவும் இல்லை. கல்லில் எழுதப்பட்ட விரிவான சுரக் குறிப்புகளில் இந்தியாவில் கிடைத்தவற்றுள் மிகப் பழமையானவற்றில் இதுவும் ஒன்று.

இக்கல்வெட்டின் எழுத்துகளைப் படித்துவிட முடிகிறது. ஆனால் இது எழுதப்பட்ட நாளில் ஒலித்தபடி இன்று இசைத்துக் காட்ட இயலவில்லை. ஓர் இசையை எழுதிவைக்கும்போது எது எழுத்தில் நிற்கிறது, எது நழுவிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் அரிது. சுரம், சுவை, காலம் ஆகிய மூன்றையும் பற்றிக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இடமும் கோயிலும்

குடுமியான்மலை, புதுக்கோட்டை நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சமணர் ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற சித்தன்னவாசல் இதற்கு அருகில் இருக்கிறது. குடுமியான்மலையின் பழைய பெயர் திருநலக்குன்றம். இங்குள்ள இறைவன் சிகாநாதர் எனவும் குடுமிநாதர் எனவும் வழங்கப்படுகிறார். சிகை என்பதும் குடுமி என்பதும் ஒரே பொருள் தரும் சொற்கள். இறைவி அகிலாண்டேசுவரி.

மலையின் அடிவாரத்தில் பெரிய கட்டடக் கோயில் இருக்கிறது. அதன் பின்புறம், மலைச்சரிவைக் குடைந்து அமைத்த பழைய சிவன் கோயில் உள்ளது. இதனை மேலைக்கோயில் என்பர். கல்வெட்டுகளில் திருமேற்றளி எனப்படுவது இதுவே. இக்குடைவரையின் பக்கத்தில், செதுக்கிச் சமன்செய்த பாறைப் பரப்பில் இசைக் கல்வெட்டு அமைந்துள்ளது. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி அளவுள்ள இப்பரப்பு ஒரு வகுப்பறைக் கரும்பலகையைவிடப் பெரியது. அருகில் பிள்ளையார் உருவமும் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது.

கல்வெட்டுத் துறையினர் இதனை 1904ஆம் ஆண்டு படியெடுத்துப் பதிவு செய்தனர். பின்னர் பி. ஆர். பண்டார்க்கர் இதனை ஆராய்ந்து, 'எபிகிராபியா இண்டிகா' என்னும் கல்வெட்டுத் தொகுப்பின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். அதன் பிறகே இசை ஆய்வாளர்களின் கவனம் குடுமியான்மலையின் பக்கம் திரும்பியது.

கல்வெட்டின் அமைப்பு

கல்வெட்டு சிவ வணக்கத்துடன் தொடங்குகிறது. எழுத்து பல்லவ கிரந்தம், மொழி சமற்கிருதம். இறுதியில் மட்டும் தமிழில் ஒரு சிறு குறிப்பு உண்டு.

சுரங்கள் ஏழு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிரிவின் தலைப்பிலும் ஓர் இராகத்தின் பெயர் இருக்கிறது. அவை வருமாறு:

1. மத்தியம கிராமம்
2. சட்ஜ கிராமம்
3. ஷாடவம்
4. சாதாரிதம்
5. பஞ்சமம்
6. கைசிக மத்தியமம்
7. கைசிகம்

இவ்வேழும் பழைய இசை நூல்களில் 'கிராம இராகங்கள்' எனப்படுபவை. கிராமம் என்பதற்கு இங்கே ஊர் என்னும் பொருள் இல்லை. முறைப்படி அமைந்த சுரங்களின் தொகுதி என்பதே பொருள். 'நாரதீய சிட்சை' என்னும் பழைய நூலும் இதே ஏழு இராகங்களைக் கூறுகிறது.

சுரங்கள் நான்கு நான்காகச் சேர்த்து எழுதப்பட்டுள்ளன. ஒரு வரியில் இத்தகைய தொகுதிகள் 16 உள்ளன. அதாவது வரிக்கு 64 சுரங்கள். மொத்தம் 38 வரிகள். எல்லா வரிகளையும் முழுமையாகக் கொண்டால் 2,432 சுரங்கள் ஆகும். ஆங்காங்கே பாறை சிதைந்திருப்பதால் சில எழுத்துகளைத் தெளிவாகப் படிக்க முடிவதில்லை. ஒரு வரியில் உள்ள தொகுதிகள் ஒரே சுரத்தில் முடியுமாறு கோக்கப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. எடுத்துக்காட்டாக, சட்ஜத்தில் முடியும் தொகுதிகள் ஒரு வரியிலும், வேறொரு சுரத்தில் முடியும் தொகுதிகள் இன்னொரு வரியிலும் வரும். கேட்பவரை மகிழ்விக்கும் பாட்டின் அமைப்பு இதுவன்று. பயிற்சி அட்டவணையின் அமைப்பு இது.

இன்னொரு புதுமையும் உண்டு. இன்று ச, ரி, க, ம, ப, த, நி என ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே எழுத்து வழங்குகிறது. குடுமியான்மலையிலோ ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களோடும் சேர்ந்து வருகிறது. ச, சி, சு, செ எனவும் ர, ரி, ரு, ரெ எனவும் எழுதப்பட்டுள்ளது. இந்த நான்கு வடிவங்களின் பொருள் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சுரங்களின் நுண்ணிய சுருதி வேறுபாடுகளை அவை குறிக்கும் என்பது ஒரு கருத்து. வீணையின் தந்தியை மீட்டும் முறைகளைக் குறிக்கும் என்பது மற்றொன்று. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் இருக்கின்றன. அவற்றின் பொருளும் முடிவாகவில்லை.

எழுதியவரும் காரணமும்

இறுதிப் பகுதி இக்கல்வெட்டு யாரால், யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கூறுகிறது. உருத்திராசாரியார் என்பவரின் மாணவரும், மகேசுவரனிடம் பேரன்பு கொண்டவருமாகிய ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இச்சுரங்களை அமைத்தார் என்பது அதன் கருத்து. அரசர் தம் ஆசிரியரின் பெயரைச் சொல்கிறார். தம் பெயரைச் சொல்லவில்லை.

இவ்வரசர் முதலாம் மகேந்திரவர்மனே (ஏறத்தாழ கி.பி. 600–630) என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 'மத்தவிலாசப் பிரகசனம்' எழுதிய மகேந்திரவர்மன் கலைகளில் ஈடுபாடு உடையவன். 'சங்கீர்ணஜாதி' என்னும் அவனுடைய விருதுப் பெயரை இசையோடு தொடர்புபடுத்திப் பலர் விளக்கியுள்ளனர். பாடநூல்கள் சிலவற்றிலும் இக்கருத்து இடம்பெற்றது. ஆயினும் கல்வெட்டில் அவன் பெயரோ விருதுப் பெயரோ இல்லை. புதுக்கோட்டைப் பகுதி அப்போது அவன் ஆட்சியில் இருந்தது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. எனவே பாண்டியர் அல்லது முத்தரையர் தொடர்பையும் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்க்கின்றனர். 'மகேந்திரவர்மன் கல்வெட்டு' என்று தேர்வில் எழுதும் மாணவர், அது ஒரு கருத்து மட்டுமே, முடிந்த முடிபன்று என்பதை அறிந்திருத்தல் நல்லது.

எட்டும் ஏழும், பரிவாதினி

இறுதியில் உள்ள தமிழ்க் குறிப்பு, மேலே எழுதப்பட்டவை எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்கிறது. எட்டு எது, ஏழு எது என்பதை அது விளக்கவில்லை. எட்டுத் தந்தி வீணை, ஏழு தந்தி வீணை என்று பொருள் கொள்வோர் உண்டு. அன்றைய மாணவருக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டிராது. இன்று அதுவே ஆய்வுப் பொருளாகிவிட்டது.

அருகிலேயே பரிவாதினி என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளது. பரிவாதினி என்பது ஏழு தந்திகள் உடைய வீணை என்று 'அமரகோசம்' கூறுகிறது. இதே சொல் புதுக்கோட்டை மாவட்டத்தின் வேறு குடைவரைகளிலும் காணப்படுகிறது. மலையக்கோயிலில் பரிவாதினியும் குணசேனன் என்னும் பெயரும் வருகின்றன. திருமயத்துச் சிவன் குடைவரையிலும் இசை பற்றிய கல்வெட்டு இருந்துள்ளது. அதன் பெரும்பகுதி சிதைந்து சில சொற்களே எஞ்சியுள்ளன.

இம்மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், இப்பகுதியில் அக்காலத்தில் தந்திக் கருவி இசை முறையாகக் கற்பிக்கப்பட்டது என்று ஊகிக்கலாம். குடுமியான்மலை தனித்து நின்ற விந்தை அன்று. ஒரு பள்ளியின் எச்சம்.

எழுதிய இசையிடம் கேட்கும் மூன்று கேள்விகள்

கல்வெட்டின் நிறைகுறைகளை அறிய, முழுமையாக எழுதப்பட்ட வேறோர் இசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். ஐரோப்பியச் செவ்விசையில் வயலின் கன்செர்ட்டோ என்றொரு வகை உண்டு. ஒரு வயலின் முதன்மையாகவும், பல்லியக் குழு முழுவதும் அதற்குத் துணையாகவும் எதிராகவும் நின்று இசைப்பது. பெரும்பாலும் மூன்று பகுதிகள் கொண்டது. பீத்தோவன் 1806இல் இயற்றிய வயலின் கன்செர்ட்டோ இவ்வகையில் புகழ்பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று வியன்னாவில் பிரான்சு கிளமென்ட் அதனை முதன்முதலில் வாசித்தார்.

அதன் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஏட்டைத் திறந்தவுடன் இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒன்று, அது 'ஜி மேஜர்' என்னும் சுர அமைப்பில் உள்ளது. நம் வழக்கில் சொன்னால், ஐந்து கட்டை சுருதியில் சங்கராபரணத்தின் சுரங்கள். இரண்டு, தலைப்பில் 'லார்கெட்டோ' என்னும் இத்தாலியச் சொல் உள்ளது. ஓரளவு மெதுவாக என்று பொருள். அமைதி, கனிவு என்னும் சுவை இவ்விரண்டாலும் மெட்டின் போக்காலும் தோன்றுகிறது. முதல் பகுதியும் இறுதிப் பகுதியும் 'டி மேஜர்', அதாவது இரண்டு கட்டை சுருதி. அவற்றின் காலமும் விரைவானது. நடுவில் சுருதி மாறிக் காலமும் தாழும்போது கேட்பவர் மனநிலையும் மாறுகிறது.

'டி' என்னும் சுருதியைத் தேர்ந்ததற்குக் கருவியும் ஒரு காரணம். வயலினின் நான்கு தந்திகள் ஐரோப்பிய முறையில் ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று கட்டைகளில் சுருதி கூட்டப்படும். எனவே 'டி மேஜரில்' திறந்த தந்திகள் இயல்பாகக் கூட ஒலித்து நாதம் நிறைகிறது. பீத்தோவன், பிராம்சு, சைக்கோவ்சுகி ஆகிய மூவரின் வயலின் கன்செர்ட்டோக்களும் 'டி மேஜரில்' அமைந்தவையே. மெண்டல்சனின் புகழ்பெற்ற கன்செர்ட்டோ 'இ மைனரில்' அமைந்தது; ஏக்கமும் விரைவும் கலந்த அதன் தொடக்கச் சுவைக்கு அந்தச் சுர அமைப்பும் காரணம்.

ஆக, எழுதிய இசையிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்தச் சுர அமைப்பு? எவ்வளவு விரைவு? என்ன சுவை? கருநாடக இசைப் புத்தகங்களிலும் கீர்த்தனையின் தலைப்பில் இராகமும் தாளமும் போட்டிருப்பது இதனாலேயே. இம்மூன்று கேள்விகளையும் குடுமியான்மலைப் பாறையிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவில் விடை கிடைக்கிறது.

சுரம்: தெளிவான விடை

முதற் கேள்விக்குக் கல்வெட்டு நன்றாகவே விடை சொல்கிறது. இராகத்தின் பெயரும் இருக்கிறது, சுரங்களும் இருக்கின்றன.

பழைய இசை இலக்கணம் ஒரு தாயியை 22 அலகுகளாகப் பகுக்கிறது. சட்ஜ கிராமத்தில் ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழுக்கும் முறையே 4, 3, 2, 4, 4, 3, 2 அலகுகள். மத்தியம கிராமத்தில் பஞ்சமம் ஓர் அலகு தாழ்கிறது. அதனால் பஞ்சமத்துக்கு 3, தைவதத்துக்கு 4 என்று ஆகும். ஓர் அலகு மாற்றம் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் பஞ்சமம் சட்ஜத்தோடு இசைந்து நிற்பதா, ரிஷபத்தோடு இசைந்து நிற்பதா என்பதையே அது மாற்றிவிடுகிறது. தமிழ் இசை மரபும் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று 22 அலகுகளையே கூறுகிறது.

ஏழு சுரங்களோடு அந்தர காந்தாரம், காகலி நிஷாதம் ஆகியவற்றுக்கும் கல்வெட்டில் தனி எழுத்துகள் உள்ளன. எழுதியவர் இராகத்துக்கு இராகம் வேறுபாடு தெரியவேண்டும் என்பதில் கவனமாக இருந்திருக்கிறார்.

ஐரோப்பிய ஏட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 'டி' என்றால் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே ஒலி. குடுமியான்மலையின் சட்ஜம் அவ்வாறு நிலையானதன்று. அவரவர் குரலுக்கும் கருவிக்கும் ஏற்ப அதை வைத்துக்கொள்ளலாம். சுரங்களுக்கு இடையே உள்ள தொலைவே முக்கியம். இன்றைய தமிழகத்திலும் அதே நிலைதான். பாலுசாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியரிடமிருந்து வயலின் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தபின், அக்கருவி நம் முறைக்கு மாறியது. ஐரோப்பியர் நான்கு தந்திகளுக்கும் நான்கு வெவ்வேறு சுரங்களைச் சேர்ப்பர். நம்மவர் ச, ப, ச, ப என்று பாடகரின் சுருதிக்குச் சேர்க்கின்றனர்.

சுவை: நூல்களின் துணையோடு கிடைக்கும் விடை

இராகத்தின் சுவை கல்லில் எழுதப்படவில்லை. பாடல் வரியும் இல்லாததால் சொற்பொருளைக் கொண்டும் ஊகிக்க முடியாது. ஆயினும் இராகப் பெயர்கள் இருப்பதால் வேறு நூல்களின் வழியாக ஓரளவு அறிய முடிகிறது.

இவ்வேழு கிராம இராகங்களும் நாடகத்தின் ஏழு இடங்களுக்கு உரியவை என்று பழைய இசை மரபு கூறுகிறது. மதங்கரின் 'பிருகத்தேசி' பரதர் கூற்றாக இதனை எடுத்துரைக்கிறது. நாடகத்துக்கு முன் நிகழும் சடங்குகளில் ஷாடவம். கதை முளைக்கும் இடத்தில் மத்தியம கிராமம். அது வளரத் தொடங்கும்போது சட்ஜ கிராமம். கரு முற்றும் இடத்தில் சாதாரிதம். தடையும் தயக்கமும் சூழும் இடத்தில் பஞ்சமம். எல்லாம் கூடி முடியும் இடத்தில் கைசிகம். நிறைவில் கைசிக மத்தியமம். இவ்வாறு பார்த்தால் குடுமியான்மலையின் ஏழு பிரிவுகள் ஒரு நாடகத்தின் முழு இசைத் தேவையையும் உள்ளடக்கியவை. மூன்று பகுதிகளின் வழியே மனநிலையை மாற்றிக் கொண்டுசெல்லும் கன்செர்ட்டோவைப் போல, இங்கே ஏழு இராகங்கள் கதையின் ஏழு நிலைகளைச் சுமக்கின்றன.

தனிச் சுரங்களுக்கும் சுவை வகுத்துள்ளது 'நாட்டிய சாத்திரம்'. சட்ஜமும் ரிஷபமும் வீரம், வெகுளி, வியப்பு ஆகியவற்றுக்கு உரியன. காந்தாரமும் நிஷாதமும் அவலத்துக்கு உரியன. மத்தியமமும் பஞ்சமமும் நகைக்கும் காதலுக்கும் உரியன. தைவதம் இளிவரலுக்கும் அச்சத்துக்கும் உரியது. இசையை நிலத்தோடும் பொழுதோடும் இணைத்த தமிழ் மரபுக்கு இது புதிதன்று. தொல்காப்பியம் யாழைத் திணையின் கருப்பொருள்களில் ஒன்றாக வைக்கிறது. பண்களைப் பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் எனப் பிரித்ததும் சுவை நோக்கியே.

கல்வெட்டில் உள்ள மூன்று பெயர்கள் தேவாரம் ஓதுவோருக்குப் பழக்கமானவை. சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் ஆகியவற்றோடு ஒத்த பெயருடைய சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்னும் பண்கள் திருஞானசம்பந்தரின் மூன்றாம் திருமுறையில் உள்ளன. சம்பந்தரும் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இன்று ஓதுவார்கள் சாதாரியைப் பந்துவராளியிலும், பஞ்சமத்தை ஆகிரியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும் பாடுகின்றனர். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் ஒலியும் ஒன்றே என்று முடிவுகட்டக் கூடாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் பெயர் நிலைத்துச் சுரம் மாறிய இராகங்கள் பல.

காலம்: கல் சொல்லாத விடை

மூன்றாம் கேள்வியில்தான் கல்வெட்டு மௌனமாகிறது. ஒரு சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்கவேண்டும் என்பதற்கு அதில் குறி இல்லை. இன்றைய சுர தாளக் குறிப்பில் நெடிலெழுத்து, காற்புள்ளி, மேற்கோடு ஆகியவை கால அளவைக் காட்டும். பாறையில் இவை எதுவும் இல்லை. தாளத்தின் பெயரும் இல்லை.

காலம் பற்றிக் கிடைக்கும் ஒரே தடயம் தலைப்புகளில் வரும் 'சதுஷ்பிரஹாரம்' என்னும் சொல். சதுர் என்றால் நான்கு. பிரஹாரம் என்றால் அடித்தல் அல்லது மீட்டுதல். நான்கு மீட்டுகள் கொண்ட சுரத்தொகுதி என்பது பொருள். சுரங்கள் நான்கு நான்காக நடந்தன என்று இதனால் தெரிகிறது. அந்த நடை விளம்பமா, மத்திமமா, துரிதமா என்பது தெரியவில்லை.

இது சிறு குறை என்று எண்ணிவிட முடியாது. இசை பயிலும் எந்தக் குழந்தையும் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுகிறது. 'ச ரி க ம' என்பதை முதற் காலத்தில் பாடும்போது ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்கும். மூன்றாம் காலத்தில் நான்கும் ஒரே வீச்சாக ஓடும். எழுத்து ஒன்றே; கேட்கும் இசை வேறு. நீலாம்பரியைத் தாலாட்டாகப் பாடினால் குழந்தை கண்ணயரும். அதே சுரங்களைத் துரித காலத்தில் பாடினால் உறக்கம் வருமா என்பது ஐயமே. காலம் மாறினால் சுவையும் மாறும். ஆகவே காலம் தெரியாதவரை சுவையும் முழுமையாகத் தெரிந்ததாகாது.

ஐரோப்பிய ஏடும் இதில் குறையற்றது என்று சொல்வதற்கில்லை. 'அலெக்ரோ' என்னும் இத்தாலியச் சொல்லுக்கு மகிழ்ச்சியான என்பதே பொருள். சுவையைக் குறித்த சொல் நாளடைவில் விரைவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மெல்சல் என்பவர் மெட்ரோனோம் கருவிக்கு 1815இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று எண்ணால் குறிக்கும் வழக்கம் பரவியது. பீத்தோவனும் 1817இல் தம் சிம்பொனிகளுக்கு அவ்வாறு எண் கொடுத்தார். வயலின் கன்செர்ட்டோவுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே 'லார்கெட்டோ' எவ்வளவு மெதுவாக இருக்கவேண்டும் என்பதில் இன்றும் வாசிப்பவருக்கு வாசிப்பவர் வேறுபாடு உண்டு. ஆனால் அங்கே ஆசிரியர் வழி மாணவர் என்று வாசிப்பு மரபு அறாமல் தொடர்கிறது. வேறுபாடு ஓர் எல்லைக்குள் நிற்கிறது. குடுமியான்மலையில் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனது.

காலத்தை ஏன் எழுதவில்லை என்பதற்கு ஒரு விடை உண்டு. கல்வெட்டு மாணவருக்காக எழுதப்பட்டது. ஆசிரியர் பக்கத்தில் இருந்தார். சுரங்களின் சேர்க்கைகள் மறந்துபோகக் கூடியவை; அவற்றை எழுதினால் போதும். காலத்தை ஆசிரியர் கையால் தட்டிக் காட்டுவார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழாசிரியரையும் குழலாசிரியரையும் தனித்தனியே சொல்வதோடு, தண்ணுமை ஆசிரியரையும் தனியே வைத்து அவருடைய தகுதிகளைக் கூறுகிறது. காலம் என்பது அவர் கையில் இருந்த கலை.

கையில் வாழ்ந்த காலம்

காலக் கணக்கு கல்லில் ஏறாத இதே புதுக்கோட்டை மண், பின்னாளில் லயத்துக்குப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக உயர்த்தினார். பலா மரச் சட்டத்தில் உடும்புத் தோல் போர்த்திய சிறு கருவி அது. அவருடைய மாணவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் தேர்ந்து விளங்கினார். புதுக்கோட்டை வழி என்று தனி வாசிப்பு முறையே உருவாயிற்று. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) அவ்வழியின் புகழ்பெற்ற வாரிசு.

இந்தக் கணக்குகள் பெரும்பாலும் வாய்ச் சொற்கட்டாகவும் கைப் பழக்கமாகவும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றவை. எழுத்து குறைவு, ஆள் தொடர்ச்சி மிகுதி. அதனால் அவை இன்றும் ஒலிக்கின்றன. பாறைக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அங்கே எழுத்து நிலைத்தது. ஆள் தொடர்ச்சி போயிற்று.

தேவாரப் பண்களும் இதே இக்கட்டைச் சந்தித்து மீண்டதாகத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. தில்லையில் ஏடுகள் கிடைத்தபின் அவற்றின் பண்முறை தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில், திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண்ணின் துணையோடு பண்கள் வகுக்கப்பட்டன என்பது அப்புராணச் செய்தி. ஏடு கிடைத்தும் பாடத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். குடுமியான்மலைக்கு அத்தகைய ஒருவர் கிடைக்கவில்லை.

கல்வெட்டுத் துறை குடுமியான்மலையைப் பதிவு செய்த 1904ஆம் ஆண்டில்தான், சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எட்டயபுரத்தில் அச்சாகி வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் பலவற்றைச் சுரம், தாளம், கமகக் குறிகள் ஆகியவற்றோடு அது தந்தது. வாழும் மரபில் வந்த ஒருவர், அது அறுமுன் எழுதிவைத்த நூல் என்பதால் இன்றும் பாடுவோருக்குப் பயன்படுகிறது. ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்த இரண்டு சுரக் குறிப்புகளில் ஒன்றைப் பாட முடிகிறது, மற்றொன்றைப் படிக்க மட்டுமே முடிகிறது.

இன்றைய பயன்

குடுமியான்மலைக் கல்வெட்டு இசை வரலாற்றுக்கு அளிக்கும் செய்திகள் பல. நூல்களில் மட்டும் பெயர் கண்ட ஏழு இராகங்கள் உண்மையிலேயே பயிலப்பட்டன என்பதற்கு அது சான்று. சமற்கிருத இலக்கணப் பெயர்களும் தமிழ்க் குறிப்பும் ஒரே பாறையில் இருப்பதால் இரு மரபுகளும் கலந்து வாழ்ந்ததும் தெரிகிறது. ஓர் அரசர் தம் வெற்றிகளை விடுத்து இசைப் பாடத்தைக் கல்லில் ஏற்றியதும் அரிய செய்தியே.

கோயிலுக்குச் செல்லும் மாணவர்கள் ஆயிரங்கால் மண்டபத்தையும் சிற்பங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பின்னுள்ள மேலைக்கோயில் வரை செல்லவேண்டும். காலைச் சாய்வெயிலில் எழுத்துகள் ஓரளவு தெளியும். எழுத்துகளின் மேல் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவுவதும், விரலால் தேய்ப்பதும் கூடாது. திருமயத்தில் இழந்ததை இங்கே இழக்கலாகாது.

வீட்டிலும் கோயிலிலும் இன்னும் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, ஓதுவார் பண் ஆகியவற்றை எழுதிவைக்கும் மாணவர் வரிகளை மட்டும் எழுதினால் போதாது. பாடியவர் எந்தச் சுருதியில் பாடினார், கையை எப்படித் தட்டினார், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டார், எந்த வேளையில் யாருக்காகப் பாடப்படுவது என்பவற்றையும் குறிக்கவேண்டும். குரலையும் பதிவு செய்யவேண்டும். உருத்திராசாரியாரின் மாணவர் 38 வரிகளில் எழுதாமல் விட்டவை இவையே.